கொழுப்பு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டுமா?

போன வருஷக் கடைசியில் அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. எல்.டி.எல். 107. அதற்கு ஆறு மாசம் முன்னால் 84 இருந்தது. மாத்திரை மாறவில்லை, அதே அடோர்வாஸ்டாடின் 20 மி.கி., ராத்திரிக்கு ஒன்று. அப்பாவுக்கு வயது 71, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அவருடைய அண்ணன் மாரடைப்பில் போனவர். அதனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ரொம்ப யோசிக்கவில்லை. "20 பத்தல, 40 ஆக்கிடலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

புது மாத்திரை வாங்குவதற்கு முன்னால் பழசு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க டப்பாவைத் திறந்தேன். 15 மாத்திரை அட்டை மூன்று வாங்கி 45 நாள் ஆகியிருந்தது. டப்பா காலியாக இருக்க வேண்டும். ஆனால் ஓர் அட்டை பிரிக்காமலே இருந்தது, இன்னொன்றில் ரெண்டு மாத்திரை. ஆக 17 மிச்சம்.

"ஏம்ப்பா, ராத்திரி மாத்திரை மறந்துடறீங்களா?"

"மறக்கறதாவது. சாப்பிடாத அன்னிக்கு எப்படிடா போடறது? வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு எழுதியிருக்கே."

எழுதித்தான் இருந்தது. மெடிக்கலில் மாத்திரை போட்டுத் தருவார்களே ஒரு காகிதக் கவர், அதில் 'இரவு' என்ற இடத்தில் 1, பக்கத்தில் பேனாவால் 'சா.பி.'. சாப்பாட்டுக்குப் பின். அப்பா சனிக்கிழமை ராத்திரி சாப்பிட மாட்டார், ஒரு டம்ளர் பாலோடு சரி. 45 நாளில் ஆறு சனிக்கிழமை. நடுவில் கந்த சஷ்டி வந்தது, ஆறு நாளும் மத்தியானம் ஒரு வேளைதான். கல்யாண வீட்டில் மதியம் அதிகமாகிவிட்டது, வயிறு மந்தம் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டது ஐந்து நாள். கூட்டிப் பார்த்தால் சரியாகப் 17. அவர் எதையும் மறக்கவில்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார்.

அந்த 'சா.பி.'க்கு என்ன ஆதாரம் என்று தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது. நான் டாக்டர் இல்லை. மருந்துக் கம்பெனிகள் அரசாங்கத்துக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கும் விவரக் குறிப்புகளையும் சில ஆய்வுக் கட்டுரைகளையும் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பெரும்பாலானவர்களுக்கு எழுதப்படும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டையும் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். விவரக் குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடாத அன்றைக்கு மாத்திரையை விடுவதற்கு மருந்தியலில் ஒரு காரணமும் கிடையாது.

ஆனால் இது எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. எதற்குப் பொருந்தும், ஏன் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

பொதுவாக ஒரு மாத்திரைக்கு 'சா.பி.' என்று எழுத மூன்று காரணம் இருக்கும். ஒன்று, மருந்து வயிற்றைப் புண்ணாக்கும், சோறு ஒரு மெத்தை மாதிரி. மூட்டுவலிக்குத் தரும் வலி மாத்திரைகள் இந்த வகை. மெட்ஃபார்மினையும் குமட்டல், வயிற்றுப்போக்கு குறையட்டும் என்றுதான் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். ரெண்டாவது, மருந்தின் வேலையே சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டது. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளே மயங்கிவிடலாம். மூன்றாவது, உணவோடு சேர்ந்தால்தான் மருந்து குடலில் ஒழுங்காக உறிஞ்சப்படும். எண்ணெய்ப் பசை இருந்தால்தான் கரையும் மருந்துகள் உண்டு.

இந்த மூன்றில் எதுவும் அப்பாவின் மாத்திரைக்குப் பொருந்தவில்லை. ஆனால் அப்பா ராத்திரி போடுவது நாலு மாத்திரை, அதில் மெட்ஃபார்மினும் ஒன்று. அதற்கு 'சா.பி.' நியாயமானது. கடைப் பையன் நாலு கவரிலும் ஒரே கையோடு எழுதியிருப்பான் என்பது என் ஊகம். அவனைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கினால் ஞாபகமும் இருக்கும். கெடுதல் எங்கே வருகிறது என்றால், 'சாப்பிட்ட பிறகு' என்பதை 'சாப்பிடாவிட்டால் கூடாது' என்று ஒருவர் படிக்கும்போது.

சரி, மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

'கொழுப்பு மாத்திரை' என்று பேர் வைத்ததால், நாம் சாப்பிட்ட கொழுப்பை அது போய்க் கரைக்கிறது என்று நினைப்பு நிறையப் பேருக்கு. பிரியாணி சாப்பிட்ட அன்று கட்டாயம் போடுவேன், கஞ்சி குடித்த அன்று தேவையில்லை என்று சொல்பவரை எனக்குத் தெரியும். ஸ்டாடின் வகை மருந்துகளுக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும் அப்படி ஒரு நேர்ச் சம்பந்தமே இல்லை. உடம்பில் இருக்கும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி உடம்பே தயாரித்துக்கொள்வது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. அந்தத் தயாரிப்பு பல படிகளாக நடக்கிறது. அதில் ஒரு படியில் எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ் என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. வாய்க்காலில் மதகு மாதிரி, எவ்வளவு போகலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கும். ஸ்டாடின் அந்த மதகை இறக்குகிறது.

உள்ளே தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல்லுக்குக் கொலஸ்டிரால் பற்றாக்குறை. அது தன் மேற்பரப்பில் எல்.டி.எல்.-ஐப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அதிகமாக வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். அப்படி உள்ளே இழுக்கப்பட்டுக் குறைகிறது. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, வேலை நடக்கும் இடம் கல்லீரல். குடலில் உறிஞ்சப்படும் மருந்து பெரும்பாலும் நேராக உடம்பு முழுக்கப் போய்விடுவதில்லை. முதலில் ஒரு தனி ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே பெரும்பகுதி மருந்து வடிகட்டப்பட்டு, மிச்சம்தான் பொது ரத்த ஓட்டத்துக்கு வரும். அடோர்வாஸ்டாடினில் விழுங்கியதில் சுமார் 14 சதவீதம்தான் அப்படி வெளியே வருகிறது. ரோசுவாஸ்டாடினில் சுமார் 20. வேறு எந்த மருந்தாக இருந்தாலும் இது பெரிய நஷ்டக் கணக்கு. தலைவலி மருந்து கல்லீரலிலேயே தங்கிவிட்டால் யாருக்கு லாபம்? ஸ்டாடினுக்கு அது நல்லது. போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, மற்ற இடங்களுக்கு, குறிப்பாகத் தசைக்கு, குறைவாகப் போகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உணவுக் கணக்கைப் பாருங்கள். அடோர்வாஸ்டாடினைச் சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அது எட்டும் உச்ச அளவு சுமார் 25 சதவீதம் குறைகிறது. மொத்தமாக உறிஞ்சப்படும் அளவு சுமார் 9 சதவீதம் குறைகிறது. அதாவது சாப்பாடு இந்த மருந்துக்கு உதவி இல்லை, கொஞ்சம் இடைஞ்சல்! ஆனாலும் எல்.டி.எல். இறங்குவதில் வித்தியாசம் இல்லை. ரோசுவாஸ்டாடினில் உறிஞ்சும் வேகம்தான் குறைகிறது, மொத்த அளவு மாறுவதில்லை.

9 சதவீதம் குறைந்தால் பலனும் குறைய வேண்டாமா என்று எனக்கும் முதலில் சந்தேகம் வந்தது. விடை டோஸ் கணக்கில் இருக்கிறது. அடோர்வாஸ்டாடினின் விவரக் குறிப்பில் இருக்கும் சோதனையில், 10 மி.கி. எல்.டி.எல்.-ஐ 39 சதவீதம் குறைத்தது. 20 மி.கி. 43 சதவீதம். 40 மி.கி. 50. 80 மி.கி. 60. மருந்து எட்டு மடங்கு கூடினால் பலன் எட்டு மடங்கு கூடவில்லை, ஒன்றரை மடங்குதான். டோஸை ஒவ்வொரு தடவை இரட்டிப்பாக்கும்போதும் மேற்கொண்டு கிடைப்பது சுமார் 6 சதவீதம் என்று டாக்டர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். இரட்டிப்புக்கே அவ்வளவுதான் என்றால், 20 மி.கி. போட்டு 18 மி.கி. போட்ட மாதிரி ஆவதில் என்ன தெரியப்போகிறது? ஒரே ஆளின் ரத்தத்தை ரெண்டு வாரம் விட்டு ரெண்டு தடவை எடுத்தாலே அதைவிட அதிக வித்தியாசம் வரும்.

இதே வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் அப்பாவின் கதை. முதல் 10 மி.கி.-யிலேயே பலனின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. ஆகவே மாத்திரையைச் 'சரியாக' போடாததால் வரும் நஷ்டம் சொற்பம். போடாமலே விட்டால் வரும் நஷ்டம்தான் பெரிசு. 20-ஐ 40 ஆக்கினாலும் அவர் சனிக்கிழமையும் சஷ்டியும் அதை விட்டுக்கொண்டேதான் இருந்திருப்பார்.

ஒரு நாள் விட்டால் உடனே எல்.டி.எல். ஏறிவிடுமா என்றால், அடோர்வாஸ்டாடினில் அப்படி இல்லை. அதுவும் அது உடைந்து உருவாகும் பொருள்களும் சேர்ந்து நொதியை நெடுநேரம் பிடித்துவைக்கின்றன. அந்தத் தடுப்பின் அரை ஆயுள் 20 முதல் 30 மணி நேரம். ஒற்றைச் சனிக்கிழமையை உடம்பு பெரிசாகக் கண்டுகொள்ளாது. சஷ்டி ஆறு நாள் வரிசையாக, அதற்குப் பின் ரெண்டு மூன்று நாள் என்று தொடர்ந்து விடும்போதுதான் கல்லீரல் பழையபடி தயாரிப்பைத் தொடங்கிவிடுகிறது. அப்பாவுக்கு ரத்தம் எடுத்தது சஷ்டி முடிந்த அடுத்த வாரம்.

அப்படியானால் 'ராத்திரி' என்பதாவது அவசியமா? இதற்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. உடம்பு கொலஸ்டிரால் தயாரிப்பது இரவில் அதிகம், நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போகும், பகலில் மந்தம். ஆரம்பகால ஸ்டாடின்கள் ரத்தத்தில் ரொம்ப நேரம் தங்குவதில்லை. சிம்வாஸ்டாடின் அப்படிப்பட்டது, சில மணி நேரத்தில் பாதி போய்விடும். காலையில் போட்டால், வேலை அதிகமாக இருக்கும் ராத்திரியில் மருந்து இருக்காது. அதனால் அதைச் சாயங்காலம் அல்லது படுக்கப் போகும்போது போடச் சொன்னார்கள், அது இன்றைக்கும் சரிதான். அடோர்வாஸ்டாடினின் அரை ஆயுள் சுமார் 14 மணி நேரம், ரோசுவாஸ்டாடினுக்குச் சுமார் 19. இவற்றை எந்த நேரத்திலும் போடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடோர்வாஸ்டாடினைச் சாயங்காலம் போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு, காலையில் போடுவதைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருக்கிறது. எல்.டி.எல். குறைவது மட்டும் ஒரே மாதிரி. மறுபடியும் அதே கதைதான், ரத்தத்தில் எவ்வளவு மிதக்கிறது என்பது இங்கே அளவுகோல் இல்லை.

'சாப்பாட்டோடு' என்ற வாசகம் இந்தக் குடும்பத்துக்குள் எங்கிருந்து நுழைந்தது என்று பார்த்தால், முதல் மாத்திரையிலிருந்தே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜப்பானில் சான்கியோ என்ற மருந்துக் கம்பெனியில் அகிரா எண்டோ என்று ஒரு விஞ்ஞானி. வடக்கே அகிதா மாகாணத்து விவசாயக் குடும்பம். பூஞ்சைகள் தங்களைத் தாக்கும் கிருமிகளை அழிக்கப் பலவிதப் பொருள்களைச் சுரக்கின்றன. அதில் கொலஸ்டிரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருள் ஏதாவது இருக்காதா என்று 1971-இல் தேட ஆரம்பித்தார். சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சலித்த பிறகு 1973-இல் ஒன்று கிடைத்தது. கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சணம், பெனிசிலியம் சிட்ரினம். நம் வீட்டில் பூஞ்சணம் பிடித்த அரிசி என்றால் முகம் சுளித்து மாட்டுக்குக்கூடப் போடமாட்டோம். அதிலிருந்து பிரித்த பொருளுக்கு காம்பாக்டின் என்று பேர்.

எலிக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். எலியின் ரத்தத்தில் எல்.டி.எல். இயல்பிலேயே குறைவு, குறைப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்டிரால் நன்றாக இறங்கியது. முட்டையில் எவ்வளவு கொலஸ்டிரால் என்று நினைத்தால் கோழியைத் தேர்ந்தெடுத்த புத்தி புரியும். 1978-இல் ஒசாகாவில், பரம்பரையாகக் கொலஸ்டிரால் கட்டுக்கடங்காமல் இருந்த நோயாளிகளுக்கு அகிரா யமமோட்டோ என்ற மருத்துவர் இதைக் கொடுத்தார். வேலை செய்தது. ஆனால் நாய்களில் செய்த சோதனையில் சந்தேகம் எழுந்து 1980-இல் சான்கியோ அந்த மருந்தைக் கைவிட்டது. அதற்குள் அமெரிக்காவில் மெர்க் கம்பெனி அஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து கிட்டத்தட்ட அதே பொருளைப் பிரித்திருந்தது. அதுதான் லோவாஸ்டாடின். 1987-இல் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாடின். எண்டோ 2024 ஜூனில், 90 வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கடைசி வரை வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இந்த லோவாஸ்டாடினுக்குத்தான் சாப்பாடு நிஜமாகவே தேவைப்பட்டது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்துக்கு வரும் அளவு, சாப்பாட்டோடு போட்டால் வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இரவுச் சாப்பாட்டோடு போடுங்கள் என்று விவரக் குறிப்பில் எழுதினார்கள். ரொம்ப நியாயம். இதே லோவாஸ்டாடினை மெதுவாகக் கரையும் மாத்திரையாகச் செய்தபோது கதை தலைகீழ். சாப்பாட்டோடு போட்டால் உறிஞ்சல் குறைகிறது, ஆகவே படுக்கும்போது போடுங்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. மருந்து ஒன்றேதான், மாத்திரை செய்த விதம் மாறியதும் அறிவுரையே மாறிவிட்டது. பிரவாஸ்டாடின் இன்னொரு கோடி. சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்துக்கு வரும் அளவு மூன்றில் ஒரு பங்கு போலக் குறைகிறது, ஆனால் எல்.டி.எல். குறைப்பில் மாற்றம் இல்லை, ஆகவே எப்படியும் போடலாம்.

'கொழுப்பு மாத்திரை' என்ற பேரில் ஸ்டாடின் இல்லாததும் வரும். நம்மூரில் ரோசுவாஸ்டாடினோடு ஃபெனோஃபைப்ரேட் சேர்த்த மாத்திரை நிறைய எழுதுகிறார்கள், ட்ரைகிளிசரைடு அதிகமாக இருப்பவர்களுக்கு. ஃபெனோஃபைப்ரேட் தண்ணீரில் சுலபமாகக் கரையாத பொருள். அதன் பழைய வடிவங்களைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கணிசமான பகுதி உறிஞ்சப்படாமலே போய்விடும். 145 மி.கி. என்று வரும் மிக நுண்ணிய துகள் வடிவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எஸெடிமைப் என்று ஒன்று, குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது. 'அப்போ அதையாவது சாப்பாட்டோடு போடணும்' என்று நினைப்போம், நானும் நினைத்தேன். அதற்கும் தேவையில்லை. அது பித்தநீரோடு திரும்பத் திரும்பக் குடலுக்கே வந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக் கவரில் 'சா.பி.' என்று இருந்தால் நான் எழுதியதைப் படித்துவிட்டு அடித்துவிடாதீர்கள். அட்டையின் பின்னால் என்ன மருந்து, என்ன வடிவம் என்று பார்த்து, டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு கேள்வி: "சாப்பிடாத அன்னிக்கு இதைப் போடலாமா, விடணுமா?" இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம்மூர்க் கடையில் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள், விவரத் தாளும் கூடவே வராது.

சாப்பாட்டைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. நெஞ்செரிச்சலுக்கு ஜெல் குடிக்கிறோமே, அலுமினியமும் மக்னீசியமும் கலந்தது, அதை ரோசுவாஸ்டாடினோடு சேர்த்துக் குடித்தால் ரத்தத்துக்கு வரும் மருந்து பாதியாகக் குறைந்துவிடும். மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஜெல்லைக் குடிக்கலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக், கீட்டோகோனசோல், இட்ரகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் சிம்வாஸ்டாடினோடு சேரவே கூடாது. வேறொரு டாக்டரிடம் தொண்டைக்கோ தோலுக்கோ போகும்போது, கொழுப்பு மாத்திரை போடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

பிறகு கிரேப்ஃப்ரூட். கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கப் போனார். மதுவின் ருசி தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எகிறியது. மதுவால் இல்லை, சாற்றால்! குடல் சுவரில் மருந்துகளை உடைக்கும் ஒரு நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. குடல் புது நொதி செய்யும் வரை, ஒரு நாளைக்கும் மேல், அது முடங்கியேதான் கிடக்கும். காலையில் சாறு, ராத்திரி மாத்திரை என்று நேரம் தள்ளினாலும் தப்ப முடியாது. சிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின் இரண்டும் இதில் பலமாக மாட்டும். அடோர்வாஸ்டாடின் கொஞ்சம் மாட்டும், நாளைக்கு 1.2 லிட்டருக்கு மேல் குடித்தால் ஆபத்து என்கிறது விவரக் குறிப்பு. ரோசுவாஸ்டாடினுக்குக் கவலை இல்லை. கிரேப்ஃப்ரூட் நம்மூரில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். அது பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அதே வேதிப்பொருள்கள், வகைக்கு வகை அளவு மாறினாலும், பம்பளிமாசிலும் உண்டு. வீட்டில் பம்பளிமாஸ் மரம் இருந்து, போடுவது சிம்வாஸ்டாடினாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பம்பளிமாஸ் கதையை ரசித்தார். மற்றதற்கு, "அதெல்லாம் சரிதான்டா, வெறும் வயித்துல போட்டா எனக்குக் கால் குடைச்சல் வருது" என்றார்.

இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்டாடினால் தசைவலி வருவது உண்மை. ரொம்ப அபூர்வமாகத் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதும் உண்டு. தாங்க முடியாத வலி, பலவீனம், சிறுநீர் காப்பி நிறத்தில் போவது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் அப்பாவின் குடைச்சல் அந்த மாதிரி இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சாம்சன் என்று ஒரு சோதனை நடந்தது, 2020-இல் முடிவு வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேர். ஒரு வருஷம் முழுக்க, நாலு மாசம் ஸ்டாடின், நாலு மாசம் வெறும் மாவு மாத்திரை, நாலு மாசம் மாத்திரையே கிடையாது. எந்த மாசம் எது என்பது கலைத்துப் போடப்பட்டது. முதல் இரண்டில் எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உபத்திரவத்துக்கு நூற்றுக்கு மார்க் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாசங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாசங்களில் 16.3. மாவு மாத்திரை மாசங்களில் 15.4! வலி பொய் இல்லை, மார்க் போட்டவர்கள் நிஜமாகவே அவஸ்தைப்பட்டார்கள். ஆனால் அந்த அவஸ்தையில் பெரும்பகுதி மாத்திரை விழுங்குகிறோம் என்பதிலிருந்து வந்தது. இந்தக் கணக்கைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாடின் போட ஆரம்பித்தார்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை. 'எனக்கு வர்றது மனப்பிராந்தியா' என்று கோபித்துக்கொள்வார். வேறு மாதிரி போனேன்.

டாக்டரிடம் மறுபடி கூட்டிக்கொண்டு போனேன், அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. மிச்சம் 17-ஐ மேஜையில் வைத்ததும் அவர் சிரித்துவிட்டார். 40-ஐ அடித்துவிட்டு 20 என்றே எழுதினார். "மாமா, சோறு சாப்பிட்டா என்ன, பால் குடிச்சா என்ன, பட்டினி கிடந்தா என்ன, இதைப் போட்டுடுங்க. மெட்ஃபார்மினுக்குத்தான் சாப்பாடு" என்று அவரே சொன்னார். நான் இத்தனை படித்துச் சொன்னதற்கு இல்லாத மரியாதை அந்த ஒரு வாக்கியத்துக்கு. இன்னொரு பழக்கத்தையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். ரத்தம் எடுக்கப் போகும் முந்தின ராத்திரி எந்த மாத்திரையும் போடாமல்தான் அப்பா போவாராம், 'பாஸ்டிங்'னு சொன்னாங்களே என்று. பட்டினி சாப்பாட்டுக்குத்தான், கொழுப்பு மாத்திரைக்கு இல்லை. இப்போது மாத்திரை பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கிறது. பல்லைச் சனிக்கிழமையும் தேய்ப்பார்.

மூன்று மாசம் கழித்து எடுத்ததில் எல்.டி.எல். 86. கவரில் இருந்த 'சா.பி.'யை அம்மா பேனாவால் அடித்துவிட்டாள். அப்பா மட்டும் சனிக்கிழமை ராத்திரி பாலோடு ஒரு பூவன்பழம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். விரதம் என்னாச்சு என்று கேட்டால் பழம் கணக்கில் வராதாம்.